ஸ்னேப்பை உயர்த்தியது காதல் அல்ல

ஹாரி பாட்டர் வாசகர்களிடையே ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது. செவரஸ் ஸ்னேப் கடைசிவரை ஹாரியின் தாய் லில்லியை நேசித்தார். அந்தக் காதலுக்காகவே உயிரைப் பணயம் வைத்தார். ஆசிரியராக வகுப்பில் அவர் காட்டிய கொடுமையெல்லாம், கொடிய மந்திரவாதி வோல்டமார்ட்டின் கூட்டத்துக்குள் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் ஒற்றராக இருந்தவர் போட்ட வேஷம். ஆகவே அவர் ஆரம்பத்திலிருந்தே நல்லவர், நாம்தான் புரிந்துகொள்ளவில்லை. 2007 ஜூலையில் ஏழாம் நூல் வந்தபோது கிளம்பிய இந்தப் பேச்சு, 2011இல் கடைசிப் படமும் வந்தபின் தீர்ப்பாகவே ஆகிவிட்டது. டம்பிள்டோரின் கேள்விக்கு அவர் சொல்லும் ‘எப்போதும்’ என்ற அந்த ஒற்றைச் சொல் பதிலைக் கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எதிர்க்கட்சியில் நிற்பவர்களும் இதே மைதானத்தில்தான் விளையாடுகிறார்கள். அது காதலே இல்லை, வெறும் மோகம், பின்தொடர்கிறவனின் பித்து என்று காதலின் தரத்தைப் பற்றி வாதாடுகிறார்கள். இரு தரப்புக்கும் ஸ்னேப்பை அளக்கும் கோல் ஒன்றுதான்: லில்லி.

அந்தக் கோலையே நான் மறுக்கிறேன். ஸ்னேப்பின் காதலைக் கொண்டாடுகிறவர்கள் அவரிடம் மிகவும் குறுகிப்போயிருந்த ஒன்றைக் கொண்டாடுகிறார்கள். அவர் உண்மையிலேயே உயர்ந்து நின்ற இடங்களை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள். இதனால் இரண்டு பேருக்கு அநியாயம் நடக்கிறது. ஒருவர் ஸ்னேப். இன்னொருவர் அவருடைய மாணவன் நெவில் லாங்பாட்டம்.

முதலில் அந்த வேஷக் கதையைப் பார்ப்போம்.

மூன்றாம் நூலில் (1999) ஒரு வகுப்பு வருகிறது. மாணவர்கள் சுருக்கும் கஷாயம் காய்ச்சுகிறார்கள். பச்சையாக வரவேண்டியது நெவிலின் கொப்பரையில் ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறது. ஸ்னேப் அதை அகப்பையில் மொண்டு எல்லோரும் பார்க்கும்படி ஊற்றிக் காட்டுகிறார். வகுப்பு முடிவதற்குள் இந்தக் கஷாயத்தை நெவிலின் செல்லத் தேரையான டிரெவருக்குப் புகட்டப்போவதாக அறிவிக்கிறார். பையன் பயத்தில் மூச்சுத்திணறிப்போகிறான். சக மாணவி ஹெர்மாயினி வாய்க்குள்ளேயே முணுமுணுத்து வழிசொல்ல, அவன் எப்படியோ சரிசெய்துவிடுகிறான். ஸ்னேப் தேரையின் வாயில் ஊற்றுகிறார். அது சாகவில்லை, தலைப்பிரட்டையாகச் சுருங்குகிறது. கஷாயம் சரியாக வந்துவிட்டது. அதற்கு ஆசிரியரின் முகத்தில் வருவது ஏமாற்றம். உதவி செய்ததற்காக ஹெர்மாயினியின் அணிக்கு 5 புள்ளிகளைக் குறைக்கிறார். பிறகு, இன்னோர் ஆசிரியரான லூப்பின் தன் வகுப்புக்காக அதே மாணவர்களை ஆசிரியர் அறைக்கு அழைத்து வரும்போது, நெவிலிடம் கடினமான வேலை எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வகுப்பில்தான் போகார்ட் வருகிறது. எதிரில் நிற்பவர் மனதில் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அந்த உருவத்தை எடுக்கும் பிராணி அது. நெவிலின் முன் அது ஸ்னேப்பாக வந்து நிற்கிறது.

நெவிலின் பெற்றோர் பிராங்க்கும் ஆலிஸும் வோல்டமார்ட்டின் ஆதரவாளரான பெல்லாட்ரிக்ஸ் கூட்டத்தின் சித்திரவதையில் புத்தி பேதலித்து மருத்துவமனையில் கிடப்பவர்கள். பெற்ற மகனையே அடையாளம் தெரியாதவர்கள். அந்தப் பிள்ளை உலகத்திலேயே அதிகம் பயப்படுவது தன் தாய் தந்தையைச் சிதைத்தவளுக்கு அல்ல, தனக்குப் பாடம் நடத்துகிறவருக்கு. இதை எழுதிவைத்த நாவலாசிரியர் கவனமில்லாமல் எழுதினார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஒற்றர் என்றால் இப்படி நடித்துத்தானே ஆகவேண்டும், வகுப்பில் வோல்டமார்ட்டின் அடியாட்களான டெத் ஈட்டர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களே என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இது 1993. வோல்டமார்ட்டுக்கு உடம்பே கிடையாது. சிறைக்குத் தப்பிய டெத் ஈட்டர்கள் எல்லோரும் நாங்கள் வசியத்துக்கு ஆட்பட்டுத்தான் அப்படிச் செய்தோம், இப்போது திருந்திவிட்டோம் என்று நாகரிக வேஷம் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். நெவிலின் வகுப்பு மாணவன் டிராகோ மால்ஃபாயின் தந்தை லூசியஸ் அதற்கு முந்தைய கல்வியாண்டுவரை அதே பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். நற்பெயர் சம்பாதிப்பதே அவர்களுடைய அன்றைய உத்தி. மாணவர்களிடம் சாதாரணமாகப் பேசியிருந்தால் ஸ்னேப்பை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். பெரிய மனிதர் நன்றாக நடிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆறாம் நூலின் (2005) தொடக்கத்தில் பெல்லாட்ரிக்ஸ் அவர் வீட்டுக்கே வந்து குறுக்கு விசாரணை செய்கிறாள். ஏன் இதைச் செய்தாய், ஏன் அதைச் செய்யவில்லை என்று அடுக்கடுக்காகக் கேட்கிறாள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. ஹாரியைப் பள்ளியை விட்டுத் துரத்தப் பாடுபட்டதையும் சொல்லிக்கொள்கிறார். நெவிலின் தேரை அந்தச் சாட்சியத்தில் எங்கும் இல்லை. அந்தக் கொடுமைக்கு உளவு வேலையில் எந்தப் பயனும் கிடையாது.

இதைவிட வலுவான சாட்சியம் ஸ்னேப்பின் ரசிகர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. ஏழாம் நூலின் 33ஆம் அத்தியாயம். ஸ்னேப் சாகும்போது கொடுத்த நினைவுகளை ஹாரி பார்க்கிறான். அதில் ஒன்று டம்பிள்டோரின் அறையில் நடப்பது. கதவு சாத்தியிருக்கிறது. கேட்க வேறு யாரும் இல்லை. ஸ்னேப் இப்படியும் அப்படியுமாக நடந்துகொண்டு, பையன் சுமாரானவன், திமிர் பிடித்தவன், விளம்பரப் பிரியன், அப்பனைப் போலவே இருக்கிறான் என்று பொரிந்து தள்ளுகிறார். டம்பிள்டோர் கையிலிருக்கும் சஞ்சிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், நீ எதிர்பார்ப்பதைத்தான் நீ பார்க்கிறாய் என்கிற பொருளில் பதில் சொல்கிறார். மற்ற ஆசிரியர்கள் இதே பையனை அடக்கமானவன் என்று சொல்வதையும் எடுத்துக் காட்டுகிறார். ஸ்னேப்பின் ரகசியம் முழுக்கத் தெரிந்த ஒரே மனிதர் எதிரில் இருக்கிறார். வேஷத்தைக் கழற்றிவைக்க இதைவிடத் தோதான அறை கிடையாது. அங்கேயும் வெறுப்பு அப்படியே இருக்கிறது. அந்த வெறுப்பு நிஜம். பதினோரு வயதுப் பிள்ளை ஒன்றின் முகத்தில் ஜேம்ஸ் பாட்டரைத் தேடித்தேடிப் பழி வாங்கினார். தான் சிறுவனாக இருந்தபோது நாலு பேர் நடுவில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட அவமானம் எவ்வளவு ஆழமானது என்பதை நான் குறைத்துப் பேசவில்லை. ஜேம்ஸும் அவர் நண்பர் சிரியஸும் செய்தது அக்கிரமம். ஆனால் நெவில் யாரையும் தொங்கவிடவில்லை. இந்த இடத்தில் டம்பிள்டோர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. எல்லாம் தெரிந்த தலைமையாசிரியர், இத்தனை வருஷம் இந்த மனிதரைப் பிள்ளைகள் முன் நிறுத்திவைத்தார்.

பிறகு ஏன் வேஷக் கதை இப்படி நிலைத்தது? பாதிப் பொறுப்பு சினிமாவுடையது. நூலில் ஹாரி பள்ளியில் சேரும்போது ஸ்னேப்புக்கு 31 வயது. பழைய பகையின் சூடு ஆறாத இளைஞர். திரையில் ஆலன் ரிக்மன் வந்தபோது அவருக்கு 55. அந்தக் குரலும் நிதானமும் சில்லறைத்தனத்தையே கண்ணியம்போலக் காட்டின. 2016இல் அவர் மறைந்தபோது உலகமெங்கும் மக்கள் அழுதது நியாயம், மகத்தான கலைஞர். ஆனால் திரைக்கதை ஸ்னேப்பை வெளுத்துக்கொண்டே வந்தது. 2004இல் வந்த மூன்றாம் படத்தில் லூப்பின் ஓநாயாக மாறும்போது ஸ்னேப் பாய்ந்து வந்து ஹாரி உள்ளிட்ட மூன்று பிள்ளைகளையும் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து நிற்கிறார். நூலில் அந்த நேரம் அவர் நினைவிழந்து கிடக்கிறார். கடைசிப் படத்தில் லில்லியின் உடலை மடியில் கிடத்திக் கதறுகிறார். நூலில் அப்படி ஒரு காட்சியே இல்லை, அவர் உடைந்து அழுவது டம்பிள்டோரின் அறையில். தேரைக் காட்சியும் படத்தில் இல்லை. கொடுமையைத் துடைத்துவிட்டுத் தியாகத்தைப் பெருக்கினால் யார்தான் மகாத்மாவாகத் தெரியமாட்டார்கள்? படம் பார்த்த கண்ணோடு நூலைப் படிக்கிறவர்கள், நூலில் இருப்பதைப் பார்க்காமலே போகிறார்கள்.

ஆறாம் நூலுக்கும் ஏழாம் நூலுக்கும் இடையிலான இரண்டு வருஷங்களில் இருந்த விவாதம் இதைவிட நேர்மையானது. ஸ்னேப்பை நம்பலாமா கூடாதா என்று ஒட்டுவில்லைகள் அச்சடித்து அமெரிக்கப் புத்தகக் கடைகளில் விநியோகித்தார்கள். இரு கட்சிக்காரர்களும் அவருடைய ஒவ்வொரு செயலையும் வரிவரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2007இல் காரணம் தெரிந்ததும் செயல்களைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம்.

சரி, அந்தக் காதலையே எடுத்துக்கொள்வோம். நம் இலக்கண மரபு ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தது. நம் சினிமாவோ அதைத் தூக்கிக் கோயில் கட்டியது. அந்தப் பழக்கத்தில்தான் ஸ்னேப்பும் நமக்கு உடனே தெய்வமாகிவிட்டார் என்று நினைக்கிறேன். நூல் என்ன சொல்கிறது? டிரெலானி என்ற ஆரூடக்காரி சொன்ன ஆரூடத்தில் தன் காதில் விழுந்த பாதியை வோல்டமார்ட்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவன் இளைஞன் ஸ்னேப்தான். ஏதோ ஒரு குழந்தையின் சாவு அதில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அது லில்லியின் குழந்தை என்று தெரிந்த பிறகுதான் பதறுகிறான். அப்போதும் அவன் எஜமானனிடம் கேட்பது தாயின் உயிரை மட்டும். பிள்ளையை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்கிற பேரம் அது. குன்றின்மேல் டம்பிள்டோரிடம் வந்து இதைச் சொல்லும்போது அவர் முகத்துக்கு நேரே அருவருப்பைக் காட்டுகிறார். கணவனும் குழந்தையும் செத்தாலும் உனக்குக் கவலையில்லையா என்கிறார். அதன் பிறகுதான் மூவரையும் காப்பாற்றுங்கள் என்ற வார்த்தை அவன் வாயில் வருகிறது.

பதினைந்து, பதினாறு வருஷம் கழித்தும் அந்தக் காதல் பெரிதாக வளரவில்லை. டம்பிள்டோர் இறந்த பின் ஸ்னேப் சிரியஸின் பழைய அறையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் லில்லி சிரியஸுக்கு எழுதிய பழைய கடிதம். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டுகிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அன்பு சொல்லி அவள் கையெழுத்திட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தை அங்கிக்குள் செருகிக்கொள்கிறார். கூடவே ஒரு புகைப்படம். ஒரு வயது ஹாரி பொம்மைத் துடைப்பத்தில் பறக்கிறான், ஜேம்ஸ் துரத்துகிறார், லில்லி சிரிக்கிறாள். ஸ்னேப் அதை இரண்டாகக் கிழித்து, லில்லி சிரிக்கும் பாதியை வைத்துக்கொண்டு, தகப்பனும் பிள்ளையும் இருக்கும் பாதியைத் தரையில் எறிந்துவிடுகிறார். அந்த அறைக்குப் பிறகு வருகிறவன் ஹாரி. அம்மாவின் கையெழுத்தை அப்போதுதான் கண்ணால் பார்க்கிறான். மிச்சப் பக்கத்தைத் தேடி அறை முழுக்கத் துழாவுகிறான். தாயின் அன்பு வரி மகனுக்குக் கிடைக்கவில்லை. வேறொருவருக்கு எழுதப்பட்ட அன்பை எடுத்துக்கொண்டு போனவரிடம் அது இருக்கிறது. இந்தக் காதலையா நாம் கையில் குத்திக்கொள்கிறோம்?

லில்லியே இதை ஒருமுறை அவனிடம் சொல்லிவிட்டாள். இருவரும் பள்ளியின் ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது, அவமானத்தின் உச்சத்தில், உதவிக்கு வந்த அவளையே ஸ்னேப் மட்பிளட் என்று திட்டுகிறான். மந்திரம் அறியாத பெற்றோருக்குப் பிறந்தவர்களைப் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தும் வசை அது. பிறகு மன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்கிறான். அவள் கேட்பது எளிமையான கேள்வி: என்னைப் போலப் பிறந்த மற்ற எல்லோரையும் நீ அப்படித்தானே கூப்பிடுகிறாய், நான் மட்டும் எப்படி விதிவிலக்கு? எனக்கு மட்டும் நல்லவனாக இருப்பவன் எனக்குத் தேவையில்லை என்பதே அவள் சொன்னதன் சாரம். அவனுடைய காதலைப் பற்றி இந்த ஏழு நூல்களிலும் சொல்லப்பட்ட மிகச் சரியான விமர்சனம் இது. சொன்னது காதலிக்கப்பட்டவள்.

இப்போது ஸ்னேப்பின் பக்கம் நின்று பேசுகிறேன். ஏனென்றால் லில்லியின் அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொன்னார். சொல்லப் பல வருஷங்கள் ஆயின, லில்லி கேட்க உயிரோடு இல்லை. 1994இல் மால்ஃபாயின் மந்திரம் பட்டு ஹெர்மாயினியின் பற்கள் சட்டைக் காலரைத் தாண்டி நீண்டபோது, அவள் முகத்தைப் பார்த்து எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று சொல்லி அழவைத்து அனுப்பியவர் இவர். அதே ஹெர்மாயினியும் ஹாரியும் காட்டில் கூடாரம் போட்டு ஒளிந்திருக்கும்போது, அப்போது தலைமையாசிரியராகிவிட்ட ஸ்னேப்பின் அறைச் சுவரிலிருக்கும் பினியஸ் நைஜெலஸின் பேசும் ஓவியம் அவளை அந்த வசையால் குறிப்பிடுகிறது. ஸ்னேப் சீறுகிறார்: அந்த வார்த்தை கூடாது. அறையில் உயிரோடு இருப்பது அவர் மட்டும்தான், மற்றவையெல்லாம் ஓவியங்கள். இதனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. ஹெர்மாயினியை அவருக்குப் பிடித்ததாகவும் தெரியவில்லை. விதிவிலக்கு கேட்ட பையன், விதியையே மாற்றிக்கொண்ட மனிதராக இங்கே நிற்கிறார்.

லூப்பினை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைத் துன்புறுத்திய கூட்டத்தில் ஒருவர். ஓநாய் மனிதர் என்ற ரகசியத்தைப் போட்டுடைத்து அவருடைய வேலைக்கு உலை வைத்தவரே ஸ்னேப். 1997 கோடையில் ஹாரியை வேறிடம் கொண்டுபோகும் வான்வெளித் துரத்தலில் ஒரு டெத் ஈட்டர் லூப்பினை முதுகில் குறிவைக்கிறான். ஸ்னேப் அவனுடைய மந்திரக்கோல் பிடித்த கையை நோக்கி மந்திரத்தை ஏவுகிறார். குறி தவறி, லூப்பினோடு பறந்த ஜார்ஜ் வீஸ்லியின் காது போகிறது. எதிரிப் படையின் நடுவே பறந்துகொண்டு, தன் குட்டு வெளிப்படும் ஆபத்தோடு, தனக்குப் பிடிக்காத ஒருவரைக் காப்பாற்ற முயன்ற செயல் இது. இதில் லில்லி எங்கே இருக்கிறாள்?

எத்தனை பேர் சாவதைப் பார்த்திருக்கிறாய் என்று டம்பிள்டோர் கேட்கும்போது, அண்மைக் காலமாகத் தன்னால் காப்பாற்ற முடியாதவர்களை மட்டுமே என்கிறார் ஸ்னேப். அந்த அத்தியாயத்தின் சிகரம் என்று எனக்குப் படுவது இந்தப் பதில்தான். எல்லோரும் கொண்டாடும் ஒற்றைச் சொல் அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. நினைவில் நின்றது அது, மறந்துபோனது இது.

அதே உரையாடலில்தான் ஹாரி செத்தாக வேண்டும் என்பதை டம்பிள்டோர் சொல்கிறார். ஸ்னேப் அதிர்ந்துபோகிறார். வெட்டுவதற்காக வளர்க்கும் விலங்குபோல ஒரு பிள்ளையை வளர்த்தீர்களா என்று குமுறுகிறார். ஒரு கைக்குழந்தையைப் பேரத்தில் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தவனுக்கும் இந்த மனிதருக்கும் எவ்வளவு தூரம்! ஆனால் உடனே அவர் லில்லியுடையதைப் போலவே பெண்மான் உருவம் கொண்ட தன் பேட்ரோனஸை, அந்தக் காவல் உருவத்தை, வரவழைத்து எல்லாம் அவளுக்காகத்தான் என்கிறாரே, அவர் வாக்குமூலத்தையே மறுக்கிறாயா என்று கேட்பார்கள். மறுக்கத்தான் செய்கிறேன். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அவர் செய்த காரியங்களோடு வைத்துப் பார்க்காமல் நான் ஏற்கமாட்டேன். லில்லியின் மகனைக் காப்பதுதான் ஒப்பந்தம் என்றால், அவன் சாகவேண்டும் என்று தெரிந்த அந்தக் கணமே ஒப்பந்தம் காலி. காதல் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அவர் அன்றைக்கே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. டம்பிள்டோர் கேட்டுக்கொண்டபடி அவரையே கொன்று, உலகமெல்லாம் காறித்துப்பும் கொலைகாரனாகி, அதன்பின் ஓராண்டு ஒற்றை ஆளாக உழைக்கிறார். கடைசியில், லில்லியின் மகனைச் சாவை நோக்கி நடக்கச் சொல்லும் செய்தியைத் தன் கையாலேயே அவனிடம் கொடுக்கிறார். காதல் கையைப் பிடித்து நடத்தியிருந்தால் அந்த நினைவுகள் ஹாரியின் கைக்கு வந்தே இருக்காது. லில்லியைக் கொன்றவன்மேல் பழிவெறி என்று சிலர் சொல்வார்கள். பழிவெறி வோல்டமார்ட்டின் அழிவை விளக்கும், லூப்பினை விளக்காது. ஓவியத்திடம் சீறியதை விளக்காது.

சாகும்போது, லில்லியின் கண்களைப் போன்ற ஹாரியின் பச்சைக் கண்களைப் பார்க்கக் கேட்கிறார், உண்மைதான். காதல் கடைசிவரை இருந்தது. அது அவரை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது என்பதும் உண்மை. வந்து சேர்ந்தபின் செய்த பெரிய காரியங்களை அவர் காதலின் துணையில்லாமல் செய்தார். அந்தப் பெருமையை லில்லியின் கணக்கில் எழுதிவிட்டால் ஸ்னேப்பிடம் மிஞ்சுவது ஏக்கம் பிடித்த ஒரு மனிதர் மட்டும். அவர் அதைவிடப் பெரியவர்.

அந்தப் பெருமை பழைய பாக்கியைத் தீர்க்கவும் இல்லை. அந்தக் கடைசி ஆண்டில் நெவிலும் அவன் தோழிகள் ஜின்னியும் லூனாவும் அவர் அறையிலிருந்து ஒரு வாளைத் திருட முயன்று பிடிபடுகிறார்கள். டெத் ஈட்டர்களான கேரோ உடன்பிறப்புகள் மாணவர்களைச் சித்திரவதை மந்திரத்தால் தண்டித்துக்கொண்டிருந்த காலம். ஸ்னேப் இவர்களை, இவர்களுக்கு நண்பரான ஹாக்ரிட்டோடு காட்டுக்கு அனுப்புகிறார், தண்டனை என்ற பெயரில். நெவிலுக்கு அவர் செய்த ஒரே நன்மை அதுதான், அதுவும் நெவிலுக்குத் தெரியாது. மன்னிப்பு என்ற ஒன்று அவர் வாயிலிருந்து அந்தப் பையனுக்கு வரவே இல்லை. ஹாரி தன் மகனுக்கு ஸ்னேப்பின் பெயரை வைத்தான். அது ஹாரியின் உரிமை, தன் பங்குக்கு அவன் மன்னித்தான். நெவிலின் பங்கை அவன் மன்னிக்க முடியாது, வாசகர்களாகிய நாமும் முடியாது.

ஸ்னேப்பைத் தனக்குத் தெரிந்தவர்களிலேயே அநேகமாக மிகத் துணிச்சலானவர் என்று ஹாரி சொல்வது ஏழாம் நூலின் கடைசிப் பகுதியில். அதே பகுதியில், அதே ரயில் நடைமேடையில், ஹாரியின் மனைவியான ஜின்னி தன் மூத்த மகனிடம் நெவிலுக்கு எங்கள் அன்பைச் சொல் என்கிறாள். ஓர் ஆசிரியரிடம் போய் அன்பைச் சொல்வதாவது என்று பையன் கூச்சப்படுகிறான். நெவில் இப்போது அந்தப் பள்ளியில் மூலிகைப் பாட ஆசிரியர். ஸ்னேப்பின் வழக்கில் ஹாரியின் சாட்சியத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிட்டவர்கள், இந்த ஆசிரியரையும் கூப்பிட்டுக் கேட்கட்டும்.